மூன்று நிற டிரம்களும் ஒரு ஜப்பான்காரரும்

வெளிநாடு போய் வந்தவனை ஆறு மாதத்துக்குப் பேசவே விடக் கூடாது. என்னைப் பேச விட்டுவிட்டார்கள், அதுதான் வினை.

இரண்டாயிரத்தைத் தாண்டிய புதிது. எண்ணூரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் எனக்குத் தற்காலிக வேலை. பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பினார்கள். திரும்பி வந்ததிலிருந்து என் தொல்லை தாங்கவில்லை. அங்கே தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே தெளிந்த தண்ணீரில் மீன் பிடிக்கிறான், இங்கே எண்ணூர்க் கழிமுகம் முழுக்க அனல்மின் நிலையச் சாம்பல். அங்கே குப்பையைக்கூடக் கழுவி, பிரித்துத்தான் போடுகிறான்...

"கய்வி போட்டா அது இன்னாத்துக்குடா குப்ப?" என்று கேட்டாள் அம்மா.

மேனேஜரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரிப்பா, உன் தெருவுல செஞ்சு காட்டு. ஜப்பான் ஆபீசர் வரார். அவருக்குப் பிடிச்சா உன் வேலை பர்மனென்ட்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ராயபுரத்தில் மஞ்சுளாவை எனக்குப் பேசி வைத்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் மூன்று புத்தம் புது டிரம்களை மூடியோடு வைத்தேன். மக்குவதற்குப் பச்சை, காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் சிவப்பு. வீடு வீடாகப் போய் விளக்கினேன். எல்லாரும் அவ்வளவு பணிவாகத் தலையாட்டினார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? அந்தக் கோடையில் சென்னையே குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியும் முன்பே கம்பெனிக்குப் போய், ஆபீசரையும் மேனேஜரையும் காரில் அழைத்து வந்தேன். தெருமுனையில் டிரம்கள் இல்லை. வழக்கமான குப்பை மட்டும், பச்சை சிவப்பு என்ற பேதமெல்லாம் இல்லாமல், வழக்கம்போலப் புகைந்துகொண்டிருந்தது. டிரம்கள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டு வாசலில் நின்றன. சிவப்பு, எங்கள் வீட்டு வாசலில்.

ஆபீசர் ஆசையாக மூடியைத் திறந்தார். விளிம்பு வரைக்கும் தண்ணீர். மேலே ஒரு சொம்பு மிதந்தது.

"இது எந்த வகைக் குப்பை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மழைநீர் சேகரிப்பு" என்றேன். (அரசாங்கம் அதைத்தான் அப்போது ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. வாயில் வந்துவிட்டது.)

அக்கினி நட்சத்திர வெயில். ஆபீசர் மெல்ல அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். மேனேஜரும் பார்த்தார். வேறு வழியில்லாமல் நானும் பார்த்தேன்.

அதற்குள் அம்மா வெளியே வந்துவிட்டாள். "யார்ரா அது, குடிக்கிற தண்ணில கைய வுடறது? காத்தால லாரிக்கு அடிச்சிகினு புட்ச்ச தண்ணி!"

ஆபீசர் மூடியைப் போட்டுவிட்டு, இடுப்பு வரை குனிந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வீட்டுக் கன்னியம்மா அக்கா, "தொர நல்ல மாதிரி கீறாரு. இன்னும் ரெண்டு டிரம்மு கேளு நைனா" என்றாள்.

கார் போனதும் அம்மா மேல் பாய்ந்தேன்.

"உன் ஜப்பான்ல கொயாயத் தொறந்தா தண்ணி வர்தா?" என்றாள் அவள்.

"வருது."

"அத்தப் பாத்துகினு வராம குப்பத்தொட்டியப் பாத்துகினு வந்துகீற."

பர்மனென்ட் போயே போயிற்று. கல்யாணமும் போயிற்று என்று நான் படுத்துவிட்டேன். ஆனால் கதை ராயபுரம் வரைக்கும் போயிருக்கிறது. மஞ்சுளா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "கத்திரி வெயில்ல மழைன்னு சொல்லிகீறாரு. இந்தாளால என்ன ஏமாத்தவே முடியாது நைனா, இவரையே முடிச்சிடு" என்று அவள் அப்பாவிடம் சொன்னாளாம்.

முடித்துவிட்டார்கள். இன்றைக்கும் நான் தாமதமாக வந்து, "பஸ் கிடைக்கல..." என்று ஆரம்பித்தால் அவள் நேரே வாசலுக்குப் போய், அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறாள். பின்னாலேயே என் இரண்டு பிள்ளைகளும் போய்ப் பார்க்கிறார்கள்.