மாப்பிள்ளை கேட்ட கார்ச் சோதனை

மாசாய்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை யுகேந்திரனுக்கு, மாமனார் கனகராஜ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை செல்வராணியும் எங்கள் காரும் நலம். உலு திராமில் நீங்களும், என் மகள் லோஷினியும், அவள் வயிற்றில் ஏழு மாதமாகக் குடியிருக்கும் அந்தச் சிறிய நபரும் நலமாக இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் மூவர் பெயருக்கும் அர்ச்சனை செய்து வருகிறோம். மூன்றாமவருக்கு இன்னும் பெயர் இல்லாததால் ஐயர் சற்றுத் தடுமாறுகிறார்.

இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று நினைப்பீர்கள். சிங்கப்பூர் வேலைக்காக விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் கிளம்புகிற உங்களைப் பிடிப்பதே கஷ்டம். பிடித்துப் பேசினாலும் நான் மூன்று வார்த்தை சொல்வதற்குள் "சரி மாமா" என்று போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது.

போன வாரம் நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மாமா, தப்பா நெனைக்காதீங்க. உங்க கார்ல பெல்ட்டு, ஏர்பேக்கு எல்லாம் செக் பண்ணிட்டு லோஷினிய ஏத்துங்க. அதுவரைக்கும் அவ இங்கயே இருக்கட்டும்." நான் தப்பாகத்தான் நினைத்தேன். பாசீர் கூடாங் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். எனக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்தார்கள், ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வர மாப்பிள்ளை நிபந்தனை போட்டார் என்று இதுவரை நம் குடும்பத்தில் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் சோதித்தேன். விவரம் பின்வருமாறு.

முதலில் நானே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். இடித்தால் ஏர்பேக் விரியும் என்பது தெரிந்த விஷயம், ஆகவே டேஷ்போர்டை முஷ்டியால் நான்கு முறை இடித்தேன். என் கைதான் வீங்கியது. அடுத்து பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தேன், பாதியில் நின்றுவிட்டது, இன்னும் வேகமாக இழுத்தேன், அசையவே இல்லை. சிக்கிக்கொண்டது என்று முடிவு செய்து சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தேன். உங்கள் அத்தை வாசலில் நின்றபடியே, "ஏன் மாட்ட இழுக்கிற மாதிரி இழுக்கிறீங்க? மெதுவா இழுங்க" என்றாள். மெதுவாக இழுத்தேன், வந்தது. அப்போதுதான் புரிந்தது, வேகமாக இழுத்தால் பிடித்துக்கொள்வதுதான் பெல்ட்டின் வேலையாம். ஓடும் காரிலும் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை கோவில் அன்னதானத்துக்குச் சாம்பார் கொண்டுபோகும்போது, ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில், முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, பலமாகப் பிரேக் அடித்தேன். என் பெல்ட் என்னைப் பிடித்தது. பின் சீட்டில் இருந்த சாம்பாருக்குப் பெல்ட் இல்லை. உங்கள் அத்தையும் முன்னால் போய் டேஷ்போர்டில் கையை ஊன்றிக்கொண்டாள், வளையல் இரண்டு உடைந்தது. அவளுக்குப் பெல்ட் கழுத்தை அறுக்குமாம், அதனால் பாசார் மாலம் இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு வெறும் கொக்கியைப் பெல்ட் மாட்டும் துளையில் செருகி வைத்திருந்தாள். அதைச் செருகினால் கார் கத்துவதில்லை, பெல்ட் போட்டிருக்கிறாள் என்று நம்பிவிடுகிறது. அன்னதானத்தில் அன்று ரசம் மட்டும் பரிமாறப்பட்டது.

மறுநாள் அத்தையையும் ஏற்றிக்கொண்டு, எங்கள் தெருமுனையில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் கேப்ரியலிடம் காரைக் கொண்டுபோனேன். நல்ல பையன், மாதா கோவிலில் கீபோர்டு வாசிக்கிறான். அவன் கேட்ட முதல் கேள்வி, "அங்கிள், சாவி போட்டதும் ஏர்பேக் லைட் வந்துட்டுப் போகுதா?" நான் பெருமையாக, "அஞ்சு வருஷமா அந்த லைட்டு ஒரு தடவைகூட எரிஞ்சதில்ல தம்பி" என்றேன். "அலமாக்! அது நல்லதில்ல லா அங்கிள். சாவி போட்டா கொஞ்ச நேரம் எரிஞ்சிட்டு அணையணும். அப்பதான் கார் தன்னைத்தானே செக் பண்ணிக்கிச்சுன்னு அர்த்தம். எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் கோளாறு, எரியவே இல்லன்னாலும் கோளாறு" என்றான். கழற்றிப் பார்த்தால் எனக்கு முன்னால் இந்தக் காரை வைத்திருந்த புண்ணியவான், எரிந்துகொண்டே இருந்த விளக்கின் தொல்லை தாங்காமல் பல்பையே பிடுங்கி எறிந்திருக்கிறார். சீட்டுக்கு அடியில் ஒரு வயர் கழன்று கிடந்தது. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்று நேரம் பொறுத்துத்தான் அந்த வயரை மாட்டிப் புது பல்பும் போட்டான், அவசரப்பட்டால் பை மூஞ்சியிலேயே விரியுமாம். பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்து விரலால் தடவிப் பார்த்தான். அத்தை பக்கத்து பெல்ட் கதவில் நசுங்கி நசுங்கி ஓரம் பிய்ந்திருந்தது, அதைப் புதிதாக மாற்றிவிட்டான். அந்த வெறும் கொக்கியைக் குப்பையில் போட்டான். "ஆன்ட்டி, பெல்ட்டு ஆளப் பிடிச்சு வெச்சாதான் பை தாங்கும். பெல்ட் இல்லாம முன்னால பாய்ஞ்சா அந்தப் பையே அடிச்சிரும்."

இதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அடுத்து அவன் எங்கள் பிள்ளையாரைக் கை காட்டினான். கார் வாங்கிப் பூஜை போட்ட அன்று, அசையக் கூடாது என்று பலமான பசை போட்டு இடப்பக்க டேஷ்போர்டில் ஒட்டிய கல் பிள்ளையார். அவர் உட்கார்ந்திருப்பது சரியாக ஏர்பேக் மூடிமேல் என்றும், பை கண் சிமிட்டும் நேரத்தில் விரியும்போது அந்தக் கல் லோஷினியின் முகத்துக்குத்தான் வரும் என்றும் சொன்னான். உங்கள் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "காப்பாத்துற சாமியே அடிக்கும்னு சொல்றியா? நீ கிறிஸ்டியன், அதான் எங்க சாமிய எடுக்கச் சொல்ற!" கேப்ரியல் தன் காரைத் திறந்து காட்டினான். டேஷ்போர்டு வெறுமையாக இருந்தது. "எங்க மாதாவ நானே எடுத்து வீட்ல வெச்சிட்டேன் ஆன்ட்டி. அம்மா ஒரு வாரம் எனக்குச் சோறு போடல" என்றான். அத்தை உடனே சமாதானமாகி, அவன் அம்மாவின் நலம் விசாரித்தாள். பிள்ளையாரைப் பெயர்க்க நல்ல நேரம் பார்த்து, அங்கேயே தேங்காய் உடைத்து, முடி காய வைக்கும் மெஷினால் சூடு காட்டி இரண்டு மணி நேரம் போராடினோம். வரும் வழியில் அவரை அத்தை மடியில் வைத்துக்கொள்ள, மடியில் இருப்பதும் பறக்கும் என்று நான் சொல்ல, காரின் பின்பக்கச் சாமான் பெட்டியில் வைக்கலாம் என்றதற்கு "அங்க உங்க செருப்பு கெடக்கு" என்று அவள் கத்த, கடைசியில் அவர் ஒரு துண்டில் சுற்றி அத்தையின் காலடியில் இறக்கப்பட்டார். இப்போது எங்கள் சாமி மேடையில் இரண்டு பிள்ளையார் இருக்கிறார்கள்.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் நிபந்தனை முழுதாக நிறைவேறிவிட்டது. லோஷினிக்காக முன் சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். கீழ்ப் பட்டை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேலும், மேல் பட்டை வயிற்றின்மேல் படாமல் பக்கவாட்டிலும் வர வேண்டும் என்று கேப்ரியல் காட்டினான், நான் அத்தைக்குத் தலையணை கட்டி இரண்டு முறை பழகிவிட்டேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நானே கார் ஓட்டி வருகிறேன். பிரசவம் வரை கிளினிக்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் நானே அழைத்துப் போவேன். இதற்குமேல் மறுபேச்சு வேண்டாம்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் குறையாத மனத்தோடும் வாழ, வரப்போகிறவர் சுகமாக வந்து சேர, எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்,
கனகராஜ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். மூன்று வாரத்துக்கு முன் தெப்ராவ் சிக்னலில் சிவப்பு விளக்கு எரியும்போது நான் போய்விட்டேன். அவசரத்தில் போகவில்லை மாப்பிள்ளை, அது சிவப்பு என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் போனது. அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லவில்லை, இன்று வரை யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. சனிக்கிழமை நான் வர மாட்டேன். நீங்கள் மோட்டார் சைக்கிளில் இங்கே வந்து, அதை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, காரை எடுத்துப் போய் லோஷினியை அழைத்து வாருங்கள். சாவி இனி உங்களிடமே இருக்கட்டும். அப்பாவுக்கு முதுகு வலி என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். அடுத்து உங்களுக்கு லீவு கிடைக்கும் நாளில் என்னையும் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். இரண்டு தடவை நானே அந்த வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். உள்ளே போகத்தான் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.