மகளின் காபிப் பொடியை நைஸாக்கிய கதை

பொறுமைக்குப் பேர்போன மச்சானுக்கு,

உங்கள் அக்கா புருஷன் வணக்கத்துடன் எழுதுவது. என்னைத் தவிர இங்கே அனைவரும் நலம். அங்கே நலமாக இருந்தால் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வரவும். போன் ஹாலில் மாட்டிக்கொண்டது, நான் பின்னறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த தெருதானே, ஜன்னல் வழியாக வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

என் மகளுக்குக் காபிக் கடையில் வேலை உண்டா இல்லையா என்பது இன்று தெரிந்துவிடும். அலைந்து அலைந்து பிள்ளை துரும்பாகிவிட்டாள் மச்சான். கடைக்கார அம்மாள் வீட்டுக்கே வந்து அவள் கைக் காபியைக் குடித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. இவள் கொட்டையை அரைத்து டப்பாவில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திறந்து பார்த்தால் கல்லுப்பு மாதிரி கொரகொரவென்று கிடக்கிறது. சுவருக்குப் பட்டி பார்த்தே காலம் தள்ளிய பெயிண்டர் நான், கொரகொரப்பைக் கண்டால் கை சும்மா இருக்குமா? பதற்றத்தில் அரைகுறையாக அரைத்துவிட்டாள் என்று நினைத்து, மறுபடி மெஷினில் போட்டு, முகப்பவுடர் போல நைஸாக்கி, பெயிண்ட் வடிகட்டுகிற மாதிரி துணியில் சலித்தும் வைத்தேன்.

அந்த அம்மாள் வந்து உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்த மகள் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"யாருப்பா இதைத் தொட்டது?"

"உங்க மாமா வந்திருந்தாரும்மா."

மன்னிக்கவும் மச்சான், அந்த நேரத்தில் வாயில் உங்களைத் தவிர வேறு யாரும் வரவில்லை.

"குமிழை அமுக்கி வலையால வடிகட்டுற இந்த பிரெஞ்ச் பிரஸ் குடுவைக்குக் கொரகொரன்னுதான்பா இருக்கணும். இதைப் போட்டா வலை அடைச்சுக்கும், கசக்கும்" என்று காதோடு சொன்னாள். வேறு கொட்டை கிடையாது. அந்த அம்மாளோ கடிகாரத்தைப் பார்க்கிறார். "நீ ஊத்து, அமுக்குறதை அப்பா பாத்துக்கறேன்" என்று குடுவையைப் பிடித்துக்கொண்டேன். அமுக்கினேன், இறங்கவில்லை. எழுந்து நின்று முழு பலத்தையும் போட்டேன். குமிழ் இறங்கியது, காபி மேலே வந்தது, அந்த அம்மாளின் வெள்ளைச் சட்டைக்கு முதல் கோட்டிங் முடிந்தது. ஓடி வந்துவிட்டேன். கதவிடுக்கில் காதை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீங்கள் வந்து "நான்தான் அரைச்சேன்"னு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னதுகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தாழ்ப்பாளுக்குப் பின்னாலிருந்து உங்கள் அத்தான்

பி.கு.: வர வேண்டாம். மிச்சப் பொடியை மகள் சின்னப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, மண்டி அடங்கியதும் மேலாக வடித்துக் கொடுத்தாளாம். "பவுடரா இருந்தா இப்படித்தான் போடணும்"னாளாம். அந்த அம்மாள் இரண்டு கோப்பை குடித்துவிட்டு வேலை கொடுத்துவிட்டார். கதவுக்கு வெளியே நின்று இதைச் சொல்லிவிட்டு மகள் சிரிக்கிறாள் மச்சான், எனக்குக் கண் கலங்குகிறது. இவ்வளவு நைஸாக அரைத்த மாமாவையும் கடைக்குக் கூட்டி வரச் சொல்கிறார். தயவுசெய்து வந்துவிடாதீர்கள். அரைத்தது நான். அதைச் சொல்லத்தான் தாழ்ப்பாளைத் திறக்கிறேன்.