எலுமிச்சம்பழம் ஏறாத எலக்ட்ரிக் கார்

போன வாரம் எங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். காலேஜ் பசங்க நாங்க சேர்ந்து செஞ்ச எலக்ட்ரிக் காரை கல்வராயன் மலையில ஒரு கிலோமீட்டர் ஏத்திக் காட்டணும்.

ஏறிட்டா மாநிலப் போட்டி. ஏறலன்னா இந்த வருஷம் அவ்ளோதான்.

மோட்டார்ல இருந்து சக்கரம் வரைக்கும் என் பொறுப்பு. பின்னாடி பல்சக்கரம் பெருசா மாட்டினா வண்டி நல்லா இழுக்கும். சின்னதா மாட்டினா பறக்கும். கேப்டன் தினேஷுக்குப் பறக்கணும்.

இழுவை கம்மியாயிடும்னு சொன்னேன். நான் பேசினா பக்கத்துல இருக்கறவனுக்கே கேக்காது. சரின்னு கணக்குப் போட்டுப் பாத்தா, சின்னதுலயே மலை ஏறும்னு வந்துது. விட்டுட்டேன்.

கச்சிராயபாளையம் தாண்டி அடிவாரத்துல வண்டியை இறக்கினோம். சென்னையில இருந்து நடுவர் வந்திருந்தார். டிரைவர் உக்காந்த பிறகு யாரும் வண்டியைத் தொடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டார்.

பக்கத்துல ஒரு அம்மன் கோயில். பூஜை போடாம புது வண்டி எதுவும் அந்த மலை ஏறாது. தினேஷ் சீட்ல உக்கார, பூசாரி கற்பூரம் காட்டி, நாலு டயருக்கு முன்னாடியும் எலுமிச்சம்பழம் வெச்சார்.

"நசுக்கிக்கினு போப்பா."

தினேஷ் மிதிச்சான். மோட்டார் முனகிச்சு. வண்டி நவுரல.

இன்னும் மிதிச்சான். முனகல் ஜாஸ்தியாச்சு. பழத்துக்கு ஒண்ணும் ஆவல.

நடுவர் என்னைப் பாத்தார். நான் பழத்தைப் பாத்தேன். அப்பதான் புரிஞ்சுது. என் கணக்குல வண்டி ஏற்கனவே ஓடிக்கினு இருந்துது. நிக்கற வண்டி முதல்ல கிளம்பணும்ங்கறதை நான் யோசிக்கவே இல்ல.

தள்ளலாம்னா தொடக்கூடாது. பழத்தை எடுக்கச் சொன்னா, வெச்சதை எடுத்தா சாமி குத்தம்னுட்டார் பூசாரி. சின்னப் பழமா மாத்தித் தரச் சொல்லி தினேஷ் சீட்ல இருந்தே கெஞ்சினான். அதுக்கும் அதே பதில்தான்.

மோட்டாருக்குக் கரண்ட் குடுக்கற கன்ட்ரோலர்ல இருந்து கருகின வாசனை வந்துது. கற்பூர வாசனைன்னு நடுவர்கிட்ட சொன்னேன். நல்லவேளை, அவருக்கும் கேக்கல.

புல்லுக்கட்டோட வேடிக்கை பாத்துக்கினு இருந்த அக்கா ஒருத்தங்க, "இன்னாபா இது, எங்க வூட்டு ஆடே இத்தத் தாண்டிப் பூடுமே" அப்படின்னாங்க.

ஆட்டோட பல்சக்கர அளவு தெரியாததால நான் ஒண்ணும் சொல்லல.

நடுவர் பேனாவை மூடினார்.

"மலை வரைக்கும் போக வேணாம் தம்பி. இதுவே போதும்."

மாநிலப் போட்டி அங்கயே முடிஞ்சுது. தினேஷ் ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடியே உக்காந்திருந்தான்.

கிளம்பப் போன நடுவர், என்னவோ யோசிச்சு, திரும்பப் பூசாரிகிட்ட வந்தார்.

"சாமி, மீதி இருந்தா நாலு பழம் குடுங்க. மத்தியானம் உளுந்தூர்பேட்டையில இன்னொரு டீமைப் பாக்கணும்."

எங்க ஆராய்ச்சி வீண் போகல.