செராங்கு கண்ணில் காலாபானி

போர்ட் பிளேரில் கண் டாக்டரையே குழப்பி உட்கார வைத்த ஒரே நோயாளி எங்கள் செராங்குதான். துறைமுகத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றிப் போகும் படகை ஓட்டுகிறவரைச் செராங்கு என்பார்கள். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

அறுபதுகளில் அந்த ஊரின் மின்னி பே பகுதியில் நான் அவருக்கு அடுத்த வீடு. மனிதர் எதிரே வருகிறவரை அரை மைலிலேயே அடையாளம் கண்டு கும்பிடுவார். பக்கத்தில் நின்று கூப்பிட்டால் திடுக்கிடுவார். ஒருநாள் படகை ஜெட்டித் தூணில் மோதிவிட்டு, “தூணுதான்யா நகந்து வந்துச்சு” என்று சாதித்தார். கண் சரியென்று டாக்டர் சொன்னால்தான் இனிப் படகு என்றுவிட்டார் துறைமுக அதிகாரி. படகு இல்லாவிட்டால் செராங்குக்குச் சோறு இறங்காது.

டாக்டரிடம் மொழிபெயர்க்க என்னை இழுத்துப் போனார். என் இந்தி மீன் வாங்கும் அளவுக்குத்தான். மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த டாக்டர், “ஆங்க் மே காலாபானி ஹோ சக்தா ஹை” என்றார்.

“அண்ணே, ஒங்க கண்ணுல காலாபானி இருக்கலாமாம்.”

“இல்லாம? கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்தக் காலாபானியிலதானே கெடக்கேன்! வேற என்ன தெரியும் கண்ணுல?”

காலாபானி, அதாவது கறுப்புத் தண்ணீர், என்பது அந்தமானுக்குத்தான் பெயர் என்று நானும் நினைத்திருந்தேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையை ஓரத்திலிருந்து தின்கிற நோயையும் டாக்டர் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம்.

கண்ணை மரத்துப்போக வைத்து, விழிமேல் ஒரு குட்டிக் கருவியை நிறுத்தி அழுத்தம் அளந்தார். சரியாக இருந்தது. மறுநாள் அதிகம். அதற்கடுத்த நாள் மறுபடி சரி. பிறகு ஒரு கூஜா தண்ணீரைக் குடிக்க வைத்து அளந்தார். ஏறியதாம், ஆனால் போதுமான அளவு ஏறவில்லையாம்.

“பானி இருக்கான்னு பாக்க பானி குடிக்கணுமா? தம்பி, கேளு. பொய் சொல்றது என் கண்ணா, டாக்டர் சாப் மிஷினா?”

கேட்டேன். என்ன இந்தியில் கேட்டேனோ, டாக்டர் என்னைப் படுக்க வைத்து என் கண்ணையும் அளந்துவிட்டார்! அப்புறம்தான் சொன்னார்: மிஷின் சரியென்று காட்டினாலும் நோய் இருக்கலாம், அதை மட்டும் நம்பக் கூடாது.

கடைசியாகச் செராங்கின் ஒரு கண்ணை மூடி, டாக்டர் தம் மூக்கையே பார்க்கச் சொன்னார். ஓரத்திலிருந்து விரல் வருவது தெரிந்ததும் சொல்ல வேண்டும்.

“திக்தா ஹை?”

“தெரியுது சாப்!”

அடுத்த கண்.

“திக்தா ஹை?”

“நல்லாத் தெரியுது சாப்!”

மூன்றாவது முறை டாக்டரின் இரண்டு கைகளும் கால்சட்டைப் பைக்குள் இருந்தன.

“திக்தா ஹை?”

“ரொம்ப நல்லா சாப்!”

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சொட்டு மருந்து உண்டு, படகு கிடையாது என்று டாக்டர் முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் செராங்கு கேட்டார். “கடைசித் தடவ கை வரலையா, தம்பி?”

“இல்லண்ணே.”

“மொத ரெண்டு தடவ?”

“வந்துச்சு.”

“அதுவும் எனக்குத் தெரியலப்பா.”

மேட்டுச் சாலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தார். அந்தத் தோள் எனக்கு இருப்பதில் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெருமைப்பட்டேன்.