ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மழை

இனி இந்த வீட்டில் எதற்காகவும் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. தொழிற்சாலையில் முப்பது வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவன். பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்தாற்போல் மூன்றாம் மாடியில் ஒரு ஃப்ளாட். இதற்கு மேல் ஒரு மனிதன் செய்ய வேண்டியது படுப்பது மட்டும்தான்.

அதற்காகச் செங்கல் அளவில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, தமிழ் தெரிந்த ஏஐ ஒன்றை அதில் குடிவைத்தேன். இன்டர்நெட் போனாலும் அது பேசும். "ஃபேன் ரெண்டு" என்றால் ரெண்டில் சுற்றும். "திரை" என்றால் ஜன்னல் திரை மூடும். "படம்" என்றால், நான் சேர்த்துவைத்த நானூறு பழைய படங்களில் ஒன்று டிவியில் ஓடும்.

"வீடு தானாவே இயங்குது, பார்த்தியா?" என்றேன் என் மனைவி சுலோசனாவிடம்.

"பார்த்தேன். நீங்க எப்ப இயங்கப் போறீங்க?"

வருகிற ஞாயிறு மதியத்தை மனசுக்குள் பலமுறை வாழ்ந்துவிட்டேன். ஏரிக்காற்றில் திரை மெல்ல உப்பும். கூழைக்கடாப் பறவைகள் தண்ணீரில் மிதக்கும். நான் சோபாவில் மிதப்பேன்.

குறுக்கே வந்தது வேப்பம்பட்டு. அங்கே சுலோசனாவின் சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து. குத்துவது பேரன் காதில்; வலிப்பது என் காதில். சித்தப்பா பேச ஆரம்பித்தால் பந்தி முடிந்தாலும் பேச்சு முடியாது.

வெள்ளிக்கிழமை சுலோசனா காய் வாங்கப் போனதும் கம்ப்யூட்டரிடம் சொன்னேன்: "ஞாயிறு காலை எட்டு மணிக்கு, இன்னிக்குப் பலத்த மழைன்னு சத்தமா சொல்லு."

"மழைக்கு வாய்ப்பே இல்லையே, ஐயா."

"சொன்னதைச் செய்."

ஞாயிறு காலை அது கணீரென்று சொன்னது. தலை வாரிக்கொண்டிருந்த சுலோசனா சீப்பைக் கீழே வைத்தாள்.

"மழையா? நனைஞ்சா எனக்குச் சளி பிடிச்சுக்குமே."

"அதான், போக வேணாம்."

"ஆமா, நான் வரல. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

"நானா?"

"ஒருத்தராவது போகலைன்னா சித்தப்பா மனசு கஷ்டப்படும். குடை அலமாரி மேல இருக்கு."

மழை வராது என்று சொல்லலாம். எப்படித் தெரியும் என்பாள். குடையை எடுத்தேன்.

வாசலில் கீழ்வீட்டு சுலைமான் நின்றிருந்தார். "இன்னா அண்ணாத்தே, மண்டையப் பொளக்குது வெயிலு. கையில குடை கீது?"

"மழை வருமாம்."

"யாரு சொன்னது?"

"வீடு."

சுலைமான் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மண்டபத்தில் சித்தப்பா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். முதல் மனை வாங்கிய கதையில் தொடங்கினார். மூன்றாவது மனைக்கு வரும்போது, போன் வந்ததுபோல் எழுந்து வெளியே போய் வீட்டுக்கு அடித்தேன்.

சுலோசனாவின் குரல் பாதித் தூக்கத்திலிருந்து வந்தது. பின்னால் ஏதோ பழைய பாட்டு மெல்லிசாகக் கேட்டது.

"மழை வந்துச்சா?" என்றேன்.

"இல்லைங்க. காத்துதான் என்னமா வருது... பறவையெல்லாம் அப்படியே மிதக்குது. சோபாவை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கிட்டேன்."

எனக்கு லேசாகப் புரிந்தது. "உனக்குத் தெரியுமா?"

"நேத்தே தெரியும். ஐயா என்ன சொல்லிவச்சாருன்னு கம்ப்யூட்டரைக் கேட்டேன். மரியாதையா சொல்லிடுச்சு."

கோபம் வரவில்லை. அவளும் முப்பது வருஷம் அடுப்படியில் நின்றவள்தான். அந்தத் திரை உப்புவதை இங்கிருந்தே பார்த்தேன்.

"சரி, தூங்கு. அடுத்த ஞாயிறு நான் படுத்துக்கறேன்."

"அடுத்த ஞாயிறு பூந்தமல்லியில எங்க மாமா பொண்ணு நிச்சயதார்த்தம். அன்னிக்கும் மழைதாங்க, இப்பவே சொல்லிவச்சுட்டேன்."