இருபதும் இருபத்துநாலும்

நீலாவதியைக் கப்பலேற விடுவதில்லை என்று பல் தேய்க்கும்போதே முடிவு கட்டிவிட்டார் ஜம்புலிங்கம். தீவில், ஜங்லிகாட் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் மனைவியை ஒரு நாள்கூடப் பிரிந்ததில்லை. அவளோ மெட்ரிக் பரீட்சை எழுத மெட்ராஸ் போகிறேன் என்கிறாள். போக நாலு நாள், வர நாலு நாள், நடுவில் திரும்பக் கப்பல் கிடைக்கும்வரை எத்தனை நாளோ!

'நீ இல்லாமல் முடியாது' என்று சொல்லியிருக்கலாம். வாத்தியார் வாயில் அது வருமா?

"கணக்குல நீ வீக்கு, நீலா. பக்கா ஃபெயில். அதுக்கு மெயின்லேண்ட் வரைக்கும் போகணுமா?"

"ஒரு கணக்குக் கொடுங்க. போட்டுட்டா?"

"போட்டுட்டா நானே கப்பல் ஜெட்டிக்கு வந்து டாட்டா காட்டுறேன்."

சிலேட்டில் எழுதினார்:

2x + y = 10
4x + 2y = 24

பிரம்மாவே வந்தாலும் இதற்கு விடை கிடையாது. உத்தியோக வாழ்க்கையில் அவர் செய்த முதல் திருட்டுத்தனம்.

சிலேட்டோடு அடுக்களைக்குப் போன நீலாவதி, சூரைமீன் குழம்பு கொதிப்பதற்குள் திரும்பினாள்.

"முதல் வரியில ஒய்யைத் தனியா எடுத்தேன். பத்துல ரெண்டு எக்ஸ் போக மிச்சம். சரியா?"

"சரி."

"அதைக் கொண்டுபோய் ரெண்டாவது வரியில ஒய் இருந்த இடத்துல போட்டேன். நாலு எக்ஸ், கூட இருபது, அதுல நாலு எக்ஸ் போச்சு. எக்ஸையே காணோம்! இருபதும் இருபத்துநாலும் சமம்னு நிக்குது."

"எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கே."

"மூணு தரம் போட்டுப் பார்த்தேன். முதல் வரியை ரெட்டிச்சா இருபதுதானே வரணும்? தப்பு என்கிட்ட இல்லே. கணக்குக் குடுத்தவர் மனசுல இருக்கு."

ஜம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"நீ போயிட்டா... வீடு என்னமோ மாதிரி இருக்கும், நீலா."

அவள் சிலேட்டைக் கீழே வைத்தாள். "இதைச் சொல்ல ஒன்பது வருஷமும் ஒரு பொய்க் கணக்கும் வேண்டியிருந்ததா உங்களுக்கு?" முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு டிக்கெட்தான் எடுத்திருக்கேன். உங்க லீவு லெட்டரை ஹெட்மாஸ்டர்கிட்ட நானே எழுதிக் குடுத்து ஒரு வாரமாச்சு."

வாத்தியாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "கடல்ல மனைவிக்குத் துணையாப் போறார்னு எழுதினியா?"

"அப்படித்தான் எழுதினேன். நீங்க தீவுக்கு வந்த அதே கப்பல்ல அவரும் வந்தவராச்சே? அதை அடிச்சுட்டு, 'வாந்தி எடுக்கும் கணவருக்கு மனைவி துணை'ன்னு திருத்திக் கையெழுத்துப் போட்டுட்டார்."