அப்பீல் சேரின் குறிப்பைக் களவெடுத்தவர்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடற்கரையோரமாகத் தேடிக்கொண்டு போனாலும் எங்கள் சட்ட வாத்தியார் அப்பீல் சேரைப் போலக் கோபிக்கத் தெரிந்த மனிதர் கிடைக்கமாட்டார். அடுத்தவரின் பெயரை, படத்தை, பாட்டைக் களவெடுத்தவர்களுக்கு எதிராகக் கொழும்பில் மேன்முறையீட்டு வழக்குப் பேசுவது அவர் தொழில். வார இறுதியில் பஸ் ஏறி ஊருக்கு வந்து, புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்களுக்குச் சட்டம் படிப்பிப்பார்.

அட்டாளைச்சேனையில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட உட்கார்ந்தவர் சோடாப் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். பிரபல சோடாவின் அதே நிறம், அதே வடிவம். பெயரில் மட்டும் ஒரு எழுத்து வேறு. "இது பச்சைக் களவு!" என்று எழும்பிவிட்டார். அதே சஹன் தட்டில் அவரோடு சேர்ந்து சாப்பிட இருந்த மாப்பிள்ளையின் மாமா, "சேர், புரியாணியத் தின்னுங்க. கோழி நம்மட சொந்தக் கோழிதான்" என்று கையைப் பிடித்து இருத்தினார்.

அப்படிப்பட்டவரின் பாடக்குறிப்பையே ஒருவர் களவெடுத்தார். அடுத்த தெருவில் சட்ட வகுப்பு நடத்தியவர் அதைப் போட்டோகொப்பி எடுத்து, அட்டையில் தன் பெயரைப் போட்டு விற்றார். அதுவும் அறிவுச்சொத்துச் சட்டக் குறிப்பை! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு பிரதியைக் கொண்டுபோய் சேரின் மேசையில் போட்டேன்.

"வழக்குப் போடுங்க சேர்!"

புரட்டப் புரட்ட அவர் முகம் சிவந்தது. "என்ன புள்ள இது? பழைய குறிப்பையல்லவா எடுத்திரிக்கார்!"

அதில் ஒரு அத்தியாயம் இப்போது பிழை. அந்தச் சட்ட நிலைப்பாட்டைச் சேரே அப்பீலில் வாதாடி மாற்றியிருந்தார். எங்களுக்குப் புதுக்குறிப்பு கிடைத்துவிட்டது. பரீட்சையோ நெருங்கிவிட்டது.

"நல்லா பெயில் ஆகட்டும் சேர்."

"களவெடுத்தது அவர். பெயிலாகப் போற புள்ளைகள் என்ன செஞ்சிச்சி?"

அன்று பின்னேரமே அந்த வகுப்புக்குப் போனார். சண்டை பார்க்கும் ஆசையில் நானும் பின்னால் ஓடினேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த அந்த ஆசிரியர் சோக்கோடு திரும்பினார்.

"களவெடுக்கிறதெண்டா ஒழுங்காக் களவெடுக்க வேணாமா?" என்று சேர் கத்தினார். பிறகு சோக்கைப் பறித்து, அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிப்பித்தார். புதுக்குறிப்பையும் கொடுத்து, "எழுதினவன்ட பேரப் போடுங்க" என்றார். அடுத்த வாரம் அதுவும் வெளிவந்தது, அதே ஆளின் பெயரில்! இன்றுவரை என் ஆத்திரம் ஆறவில்லை.

அந்த வகுப்பு முழுக்கப் பாஸ். வருடங்கள் ஓடி நானும் சட்டத்தரணியாகிவிட்டேன். போன மாதம் அதில் ஒருவன் நீதிமன்றத்தில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று, சேரின் வாதத்தைப் பேசினான். வெளியே வந்து, அந்தக் களவாளியைத் தன் குரு என்று எல்லாருக்கும் பெருமையாகச் சொன்னான். உடனே சேருக்குப் போன் எடுத்துப் பொரிந்து தள்ளினேன்.

"வாதத்தச் சரியாச் சொன்னானா?"

"ஓம் சேர், சரியாத்தான் சொன்னான்."

"பொறகென்ன? நீ ஆருக்கிட்டப் படிச்சயெண்டு கேட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்கல்ல சேர். உங்களுக்கிட்டத்தான் படிச்சனெண்டு நானாத்தான் சொல்லிட்டு வந்தன்."

"சரி புள்ள, போன வை" என்று மெதுவாகச் சொன்னார். எனக்குத் தெரிந்து, அப்பீல் சேருக்குக் கோபிக்கத் தெரியாமல் போனது அந்த ஒருமுறைதான்.